26 குரல், 3 டெனர்: டிசம்பர் கச்சேரிக்கு எந்த அரேஞ்ச்மென்ட் எடுப்பது?

கோவை_சேர்ந்திசை:
வணக்கம். டிசம்பர் இரண்டாம் வாரம் கச்சேரி. 75 நிமிடம், இடைவேளை இல்லை. பாதி தமிழ் சினிமாப் பாட்டு, பாதி ஆங்கில பாப். குழுவில் 26 பேர்: பெண்களில் மேல்குரல் சோப்ரானோ 9, கீழ்க்குரல் ஆல்டோ 10; ஆண்களில் மேல்குரல் டெனர் 3, கீழ்க்குரல் பேஸ் 4. பாதிப் பேர் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) வாசிப்பார்கள். மீதிப் பேர் சர்ச் கொயரில் சால்ஃபா (தோ, ரே, மி என்று எழுதும் குறிப்பு) படித்தவர்கள், சிலர் வெறும் கேள்வி ஞானம். ஒரு டிஜிட்டல் பியானோ, ஒரு காஹோன் (கையால் தட்டும் பெட்டி வாத்தியம்) உண்டு. ஆகஸ்ட் நடுவிலிருந்து வாரம் இரண்டு ஒத்திகை, தலா இரண்டு மணி நேரம்.

ஆங்கிலப் பாட்டுக்கு அச்சான அரேஞ்ச்மென்ட் (குரல் வாரியாகப் பிரித்து எழுதிய பிரதி) கொட்டிக் கிடக்கிறது, எதை வாங்குவது என்று தெரியவில்லை. தமிழுக்கு நாங்களேதான் எழுத வேண்டும். ஆளாளுக்குப் பிடித்தது என்று 40 பாட்டு சேர்ந்துவிட்டது. எதை வைத்துக் கழிப்பது?

டெனர்_பஞ்சம்:
அந்த 40ஐ முதல்ல மூடி வைங்க. உங்க கச்சேரியை முடிவு பண்ணப் போறது பாட்டு இல்ல, மூணே மூணு டெனர்ங்கிற கணக்கு.

அச்சுப் பிரதி அட்டையிலேயே எஸ்.ஏ.டி.பி., எஸ்.ஏ.பி., எஸ்.எஸ்.ஏ.னு குரல் பிரிவு போட்டிருக்கும். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸோட முதலெழுத்துதான் அது. ஹால் லெனர்ட், ஆல்ஃபிரட் மாதிரிப் பதிப்பாளர்கள் பிரபலமான பாட்டுன்னா ஒரே அரேஞ்ச்மென்ட்டை ரெண்டு மூணு பிரிவுல தனித்தனியா விக்கிறாங்க. தளத்துல மாதிரிப் பக்கங்கள் இருக்கும். அதுல டெனர் வரியை மட்டும் விரல் வெச்சுப் படிச்சுட்டு வாங்க. "டிவிசி" (ஒரே பாகம் ரெண்டா பிரியணும்ங்கிற குறி) கண்ணுல பட்டா தள்ளி வெச்சுடுங்க. மூணு பேர் ரெண்டா பிரிஞ்சா ஒரு சுரம் ஒத்தை ஆள் தலையில விழும். அவருக்கு அன்னிக்குச் சளி பிடிச்சா கார்டுல (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டத்துல) மூணாவது சுரமே காணாமப் போயிடும்.

அடுத்தது, உச்ச சுரம் எதுன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. குரல் எங்க குடியிருக்குன்னு பாருங்க. ஜி4ஐ (எழுத்து சுரம், எண் ஸ்தாயி; பியானோ நடு "சி"தான் சி4) ஒரு தடவை தொட்டுட்டு இறங்கினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கோரஸ் எட்டு பாரும் (தாளச் சுற்றும்) ஈ4க்கு மேலயே நின்னுச்சுன்னா, ரெண்டாவது கோரஸ்லயே பாட்டு போய் கத்தல் வந்துடும்.

எஸ்.ஏ.பி.ல ஆண்கள் வரி ஒண்ணுதான், பெரும்பாலும் சி3லேர்ந்து டி4க்குள்ள. நிஜ பேஸ் ஆளுக்கு மேல் பக்கம் கொஞ்சம் இறுக்கம், டெனருக்குக் கொஞ்சம் சப்புன்னு இருக்கும். ஆனா 19 பெண்களுக்கு எதிர்ல 7 ஆண்கள் ஒரே வரியைப் பாடினாத்தான் கீழ் பாகம் ஹால்ல கேக்கும். ஆங்கிலத்துல ஆறு பாட்டுன்னா நாலு எஸ்.ஏ.பி., ரெண்டு எஸ்.ஏ.டி.பி. வாங்குங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

ஆல்டோ_வரிசை:
டெனர் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. கீழ்க்குரல் உள்ள ஆல்டோ ரெண்டு பேரை டெனர் வரிக்கு அனுப்புறது எல்லாக் குழுவிலும் நடக்குறதுதான். ஜி3 வரைக்கும் சரி. அதுக்குக் கீழே வாய் அசையும், சத்தம் வராது. டெனர் வரி எஃப்3, ஈ3ன்னு இறங்குற பாட்டுல இந்த வேலை பலிக்காது.

தமிழ்ப் பாட்டு நீங்களே எழுதுறதால வேற வழி இருக்கு. உங்ககிட்ட ஆல்டோ பத்துப் பேர். சோப்ரானோ, ஆல்டோ 1, ஆல்டோ 2, ஆண்கள்னு நாலு வரி போடுங்க. ஆல்டோ 2க்குத் தரை ஏ3. ஆண்களை ஒரே வரியில வெச்சு, கடைசிப் பல்லவியில மட்டும் ரெண்டு இடத்துல பிரிங்க. கடையில இந்தப் பிரிவு கிடைக்காது. கையில இருக்கிற ஆளுக்குத் தைக்கிற சட்டை இதுதான்.

நாலுகட்டை:
தமிழ் சினிமாப் பாட்டில் முதல் சிக்கல் சுருதி. டூயட்டில் ஆண், பெண் இருவரும் ஒரே சுருதியில், ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாடுவார்கள். பின்னணிப் பாடகருக்கு வைத்த சுருதி அது. 26 பேருக்கு இல்லை.

உதாரணத்துக்கு, 4 கட்டையில் (ஸட்ஜம் எஃப்) ஒரு மெட்டு, கீழ்ப் பஞ்சமத்திலிருந்து (ப) மேல் அந்தர காந்தாரம் (க) வரை போகிறது என்று வையுங்கள். ஆணுக்கு அது சி3லிருந்து ஏ4. உங்கள் டெனருக்கு ஏ4 எட்டாது, பேஸுக்குப் பேச்சே இல்லை. 2 கட்டைக்கு (ஸட்ஜம் டி) இறக்கினால் ஏ2லிருந்து எஃப்-ஷார்ப்4. இப்போது டெனர் சமாளிப்பார். பெண்களுக்கு அதே மெட்டு ஏ3லிருந்து எஃப்-ஷார்ப்5: உச்சம் சோப்ரானோவுக்குச் சுகம், ஆனால் கீழே ஏ3, பி3யில் அவர்கள் குரல் காற்றாகிவிடும். அந்த வரியை ஆல்டோவிடம் கொடுத்துவிட்டு, மெட்டு மேலேறும் இடத்தில் சோப்ரானோ வாங்கிக்கொள்ள வேண்டும். கைமாற்றும் இடம் சொல்லின் நடுவில் வரக்கூடாது. மூச்சு விடும் இடத்தில் வரவேண்டும்.

எல்லாப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினாலும் வம்புதான். பேஸ் வரி எஃப்2க்குக் கீழே போனால் நான்கு பேர் பாடுவது இரண்டாவது வரிசைக்கே கேட்காது.

ராகம்_பார்த்து:
எந்தப் பாட்டு கொயருக்கு ஒத்து வரும்ங்கிறதுக்கு ராகத்தைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும்.

சங்கராபரணம், நடபைரவி, கீரவாணி சாயல்ல இருக்கிற மெட்டுக்குக் கார்டு தானா வந்து உக்காரும். கீரவாணியில ஸட்ஜம், மத்தியமம் ரெண்டுலயும் மைனர், பஞ்சமத்துல மேஜர். ஹார்மனி எழுதிப் பழகுறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கரகரப்ரியாவுல மத்தியமத்துல மேஜர் கார்டு கிடைக்கும், அதுவே அந்தப் பாட்டுக்கு அழகு.

ஹரிகாம்போஜியில அடிக்கடி நடக்குற கோளாறு ஒண்ணு. ஆங்கிலப் பழக்கத்துல பஞ்சமத்துல மேஜர் கார்டு போட்டுடுவாங்க. அதுல காகலி நிஷாதம் வரும். மெட்டுல கைசிகி நிஷாதம். 1 கட்டையில (ஸட்ஜம் சி) சொன்னா ஆல்டோ பி, சோப்ரானோ பி-ஃபிளாட். அரை சுரம் மோதுது, கேக்குறவங்களுக்கு யாரோ ஒருத்தர் சுருதி விட்டுட்ட மாதிரி இருக்கும். அந்த இடத்துல பி-ஃபிளாட் மேஜர் போடுங்க, தீர்ந்தது.

மோகனத்துல மத்தியமமும் நிஷாதமும் இல்ல. 1 கட்டையில சி மேஜர், ஏ மைனர் ரெண்டுதான் முழு கார்டு. பஞ்சமத்துல ஜி, டி மட்டும் வெச்சு நடுவை வெத்தா விட்டா நல்லா இருக்கும். ஹிந்தோளம் அதைவிடக் கறார். சி, ஈ-ஃபிளாட், எஃப், ஏ-ஃபிளாட், பி-ஃபிளாட். பஞ்சமமே இல்லாததால ஸட்ஜத்துல கார்டு கட்ட முடியாது. எஃப் மைனரும் ஏ-ஃபிளாட் மேஜரும்தான் கிடைக்கும். ரெண்டுலயும் ஸட்ஜம் உள்ளே இருக்கு, அதை வெச்சு ஓட்டணும்.

மாயாமாளவகௌளை சாயல் பாட்டை நாலு வரி ஹார்மனிக்கு எடுக்காதீங்க. பஞ்சமத்துல கார்டு கட்டினா ஜி, பி, டி-ஃபிளாட்னு கோணலா வரும். ஆசையா இருந்தா பேஸ் ஸ-ப பிடிச்சு நிக்கட்டும், மேலே மெட்டை ஒரே குரலாப் பாடுங்க.

கீழ்ஸ்தாயி:
ஹிந்தோளத்துல உள் வரியில பஞ்சமம் சேர்க்கிறது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்லை சார். சினிமா இசையிலயே மெட்டு சுத்தமா இருக்கும், பின்னாடி கார்டுல அந்நிய சுரம் தாராளமா வரும்.

ராகம்_பார்த்து:
பின்னாடி வயலின் மெதுவா வாசிக்கிறதும், பத்து ஆல்டோ முன்னாடி நின்னு பாடுறதும் ஒண்ணு இல்லையே. சேர்க்கணும்னா ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம் சேருங்க. முதல் பல்லவியிலேயே ராகத்தைக் கலைச்சுட்டா அது எந்தப் பாட்டுன்னே ஜனத்துக்குப் பிடிபடாது.

கமகத்தையும் சொல்லிடறேன். மெட்டுல வளைவு நிறைய இருக்கிற வரியை ஹார்மனி பண்ணக் கூடாது. 9 சோப்ரானோ ஒரே மாதிரி வளைக்க மாட்டாங்க, அடியில மத்த வரி நேரா நிக்கும், எல்லாம் சேர்ந்து கலங்கலாக் கேக்கும். அந்த வரியைத் தனிக்குரலுக்குக் கொடுத்துட்டு மத்தவங்க "ம்"னு பிடிக்கட்டும். நீளமா நேரா நிக்கிற சுரம் உள்ள வரிதான் ஹார்மனிக்கு. 40 பாட்டையும் இந்த ஒரு சல்லடையில போட்டாலே 15 கீழே விழுந்துடும்.

ஒத்திகை_கணக்கு:
எத்தனை பாட்டு என்பதற்கு வருகிறேன். 75 நிமிடத்தில் அறிவிப்பு, கைதட்டல், இடம் மாறுதல் எல்லாம் போக 55 நிமிடம்தான் பாட்டு. 13 பாட்டு போதும்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து சுமார் 32 ஒத்திகை. ஆயுத பூஜை, தீபாவளி, மழை என்று 4 போகும். கடைசி 4 முழு ஓட்டத்துக்கு. மிச்சம் 24. குரல் பயிற்சியைக் கழித்தால் ஒவ்வொன்றிலும் 100 நிமிடம், ஆக 2,400 நிமிடம். கடினமான பாட்டுக்கு 300, நடுத்தரத்துக்கு 180, ஒரே குரல் அல்லது இரு குரல் பாட்டுக்கு 90 என்று வையுங்கள். 3 கடினம், 5 நடுத்தரம், 5 எளிது என்றால் 2,250. கையில் மிஞ்சுவது 150 நிமிடம். அது எப்படியும் செலவாகிவிடும். நான்காவதாக ஒரு கடினமான பாட்டை உள்ளே விட்டால் இரண்டு எளிய பாட்டை வெளியே அனுப்ப வேண்டும்.

கடினம் என்றால் என்ன? வேகம் அல்ல. நடு வரிகள் பாடுவதற்கு எவ்வளவு விபரீதமாகத் தாவுகின்றன என்பதுதான். ஆல்டோ வரியை மட்டும் பியானோவில் வாசித்துப் பாருங்கள். அது தனியாகக் கேட்டாலே முணுமுணுக்கத் தோன்றும் மெட்டாக இருந்தால் அந்த அரேஞ்ச்மென்ட் சீக்கிரம் மனப்பாடம் ஆகும். கார்டில் மிஞ்சிய சுரங்களை ஆல்டோ தலையில் கட்டியிருந்தால், கச்சேரி அன்றும் தாளைப் பார்த்துத்தான் பாடுவார்கள்.

கோவை_சேர்ந்திசை:
மிக்க நன்றி. 40 இப்போது 17 ஆகிவிட்டது. அடுத்த சந்தேகம்: தமிழ்ப் பாட்டுகளில் இடையிசை. அதை வெட்டினால் பாட்டு மொட்டையாகத் தெரிகிறது, வைத்தால் குழு சும்மா நிற்கிறது.

பியானோ_பக்கம்:
முழுசா வெட்டாதீங்க. ஜனம் பாட்டை அடையாளம் கண்டுபிடிக்கிறதே பல நேரம் தொடக்க இசையிலதான்.

வழக்கமான அமைப்பு: தொடக்கம் 8 பார், பல்லவி, இடையிசை 16, சரணம், பல்லவி, ரெண்டாவது இடையிசை 16, சரணம், பல்லவி. நாலரை நிமிஷம் தாண்டும். இதை மூணே கால் நிமிஷத்துக்குக் கொண்டு வரலாம். தொடக்கம் 4 பார் பியானோ. பல்லவி ஒரு தடவை ஒரே குரல், திரும்ப ஹார்மனி. முதல் இடையிசையில எல்லார் காதுலயும் நிக்கிற அந்த ஒரு வரியை மட்டும் 4 பார் பியானோ வாசிக்கட்டும். சரணம் ஒண்ணு. ரெண்டாவது இடையிசையை 8 பாராக்கிக் குரல்ல பாடுங்க. ரெண்டாம் சரணத்துக்கு மெட்டு வேறன்னா முழுசா வைங்க; அதே மெட்டுன்னா பின்பாதி போதும்.

குரல்ல எதைப் பாடலாம்? வயலின் கூட்டம் நீளமாப் பிடிக்கிறதை "ஊ", "ஆ". பேஸ் கிதார் வரியை "டும்", ஆனா "ம்"ஐச் சட்டுனு மூடணும், இழுத்தா தாளம் பின்னாடி போகும். வேகமான சின்னச் சுரத்துக்கு "த-க" மாதிரி நாக்கு நுனியில வர்ற எழுத்து. புல்லாங்குழல் ஓட்டத்தைக் குரல்ல பண்ணவே பண்ணாதீங்க, அவையில சிரிப்பு வரும்.

இன்னொண்ணு, எடுப்பு. நிறையத் தமிழ்ப் பாட்டு சமத்துல (தாளத்தோட முதல் தட்டுல) தொடங்காது, அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கும். ஒரு ஆள் பாடினா சுலபம், 26 பேர் சேர்ந்து எடுக்கும்போது முதல் எழுத்து நசுங்கும். காஹோன்காரரைச் சமத்துல ஒரு தட்டு தட்டச் சொல்லி, அந்தத் தட்டுல எல்லாரும் மூச்செடுக்கப் பழக்குங்க.

எழுத்து_அசை:
தமிழ் வரியை மியூஸ்கோரில் (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) ஏற்றுபவர்களுக்கு: வரி போடும் நிலையில் ஹைஃபன் அழுத்தினால் அடுத்த அசைக்குப் போகும், நீட்டலுக்கு அண்டர்ஸ்கோர். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி யூனிகோட் எழுத்துரு வையுங்கள். அசை பிரிக்கும்போது ஒற்றைத் தனியே விடாதீர்கள்: "வண்-ண-ம்" என்று மூன்றாக வெட்டினால் கடைசி "ம்" ஒரு சுரத்தை விழுங்கிவிடும், "வண்-ணம்" போதும்.

ஹார்மனி வரி எழுதும்போது நடக்கும் பெரிய தவறு குறிலை நீட்டுவது. மெட்டில் "மனம்" என்றால் "ம" சின்ன சுரம், "ன"வில் நீட்டம். ஆல்டோவுக்குச் சுரம் குறைவு என்று "ம"வை ஒரு முழு எண்ணிக்கை பிடிக்க வைத்தால் அங்கே "மானம்" பாடிக்கொண்டிருப்பார்கள். எல்லா வரிக்கும் மெட்டின் குறில் நெடில் கணக்கே இருக்கட்டும். நடு வரிக்கு வேறு தாளம் வேண்டுமென்றால் சொல்லே இல்லாமல் "ஆ" கொடுங்கள்.

வரி முடிவில் ஒற்று எந்த எண்ணிக்கையில் மூடுகிறது என்று தாளிலேயே குறியுங்கள். "ம்", "ன்", "ல்" மூன்றும் சத்தம் போடாமல் ஆளுக்கொரு நேரத்தில் மூடிக்கொள்ளும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ அழுக்கு என்று மட்டும் தோன்றும்.

சட்டம்_சங்கீதம்:
உரிமை விஷயத்தை யாரும் தொடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை. படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார், ஆகவே அவர் வரிகளுக்குக் காலம் 2019 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அந்த வரிக்கு மெட்டுப் போட்டவருக்குக் கணக்கு வேறு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015. பாரதியார் வரிகள் எல்லோருக்கும் பொது, ஆனால் சினிமாவில் வந்த மெட்டு பொது அல்ல. பாரதிக்கு நீங்களே புது மெட்டுப் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. எம்.பி.சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயருக்காகப் பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாக அமைத்தது அப்படிப்பட்ட வேலைதான். தமிழில் கொயருக்கென்றே எழுதிய இசை வேண்டுவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

மெட்டை நான்கு வரியாக எழுதுவதும் சட்டப்படி தழுவல். அதற்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். மேடையில் பாடுவதற்கு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையைப் பார்க்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் உரிமம். அசல் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டால், ஒலிப்பதிவு உரிமையைப் பார்க்கும் பி.பி.எல். தனி. தொழில்முறை அல்லாத சங்கம், கட்டணம் இல்லாத அவைக்குப் பாடினால் பிரிவு 52இல் விலக்கு உண்டு. டிக்கெட் விற்றால் அது போய்விடும். யூடியூபில் ஏற்றுவது இதில் சேராது.

வாங்கிய ஆங்கிலப் பிரதியை ஜெராக்ஸ் எடுப்பதும் கூடாது. பாடுபவர் 26, பியானோ, நடத்துநர் சேர்த்து 28 பிரதி. ஒன்று 2 முதல் 3 டாலர் என்றால் ஒரு பாட்டுக்கு 70 டாலர் பக்கம் வரும். நிதியை முதலிலேயே ஒதுக்குங்கள்.

கீழ்ஸ்தாயி:
மைக் பற்றியும் இப்பவே யோசிங்க, அரேஞ்ச்மென்ட் தேர்வை அது பாதிக்கும். சவுண்டு சர்வீஸ்காரர் ஆளுக்கொரு கை மைக் கொடுக்கப் பார்ப்பார். வேண்டாம்னு சொல்லிடுங்க. ரெண்டு கண்டென்சர் மைக், முன்வரிசையிலேர்ந்து முக்கால் மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே. மைக்குக்கும் மைக்குக்கும் இடைவெளி, மைக்குக்கும் பாடுறவங்களுக்கும் உள்ள தூரத்தைப் போல மூணு மடங்காவது இருக்கணும். இல்லேன்னா ஒரே குரல் ரெண்டுலயும் விழுந்து ஒலி குழிவிழும். தனிக்குரலுக்கு ஒரு கை மைக் தனியா. டிரம் செட் வந்தா இந்த மைக் எல்லாம் டிரம்மைத்தான் பிடிக்கும். அதனால காஹோனுக்கு மேல கேக்குற பாட்டைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க.

பக்கவாத்தியம் இல்லாத பாட்டு ஒண்ணே ஒண்ணு வைங்க, அது இறங்கும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுற இடத்துலயும், படிப்படியா இறங்குற இடத்துலயும்தான் சுருதி நழுவும். முடிஞ்சதும் பியானோவோட அடுத்த பாட்டை உடனே எடுக்காதீங்க, நடுவுல அறிவிப்பு வைங்க. இறங்கினது அம்பலமாகாது.

டெனர்_பஞ்சம்:
வரிசைக்கும் அதே டெனர் கணக்குதான். டெனர் மேலயே நிக்கிற ரெண்டு பாட்டு பக்கத்துல பக்கத்துல வரக் கூடாது. தொடக்கத்துல நல்லாத் தெரிஞ்ச நடுத்தரப் பாட்டு, கடினமானது மூணாவது அல்லது நாலாவது, அதுக்கு அடுத்து ஒரே குரல் பாட்டு. ஒரே சுருதி, ஒரே வேகத்துல மூணு பாட்டு தொடர்ந்தா எவ்வளவு நல்லாப் பாடினாலும் அவை கைபேசியை எடுத்துடும்.

கோவை_சேர்ந்திசை:
13 முடிவாகிவிட்டது: ஆங்கிலம் 6 (எஸ்.ஏ.பி. 4, எஸ்.ஏ.டி.பி. 2), தமிழ் 7. அதில் ஒன்று பாரதி வரிக்குப் புது மெட்டு. மற்ற ஆறுக்கும் அனுமதி கேட்டு எழுதுகிறோம். ஹிந்தோளம் பாட்டில் பஞ்சமம் கடைசிப் பல்லவியில் மட்டும். ஒரு எஸ்.ஏ.டி.பி. பாட்டில் கடைசிக் கோரஸ் அரைக் கட்டை ஏறுகிறது. சால்ஃபா வாசிப்பவர்களுக்கு இதை எப்படி எழுதுவது?

பியானோ_பக்கம்:
மாறுற இடத்துல இணைப்புச் சுரம் போடுங்க, பழைய சுருதிப் பெயரைச் சின்னதா மேல, புதுப் பெயரைப் பெருசா. ஆனா அரைக் கட்டை ஏத்தத்துல ரெண்டு சுருதிக்கும் பொதுவான சுரம் ரெண்டே ரெண்டுதான்: பழைய "ஃபா" புது "மி", பழைய "தோ" புது "தி". எஸ்.ஏ.டி.பி. நாலு வரியும் அந்த இடத்துல அதைப் பிடிச்சு நிக்காது. பிடிக்காத வரிக்கு நேரா புது "தோ"வை எழுதி, பியானோ அதுக்கு முந்தின ரெண்டு எண்ணிக்கையில புது சுருதியோட பஞ்சமக் கார்டைப் போடட்டும். டெனர் உச்சம் ஏறினதுக்கு அப்புறம் என்னன்னு பாருங்க. ஏ-ஃபிளாட்4 தாண்டினா ஏத்தத்தையே வெட்டிட்டு கடைசிக் கோரஸைப் பழைய சுருதியிலேயே முடிங்க.

கோவை_சேர்ந்திசை:
பார்த்தேன். ஏ4. வெட்டிவிடுகிறோம்.